தொழிலாளி கொடுத்த கடன்

ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனியைக் கலைத்துவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர் 7-ம் தேதி தீர்ப்பளித்தது. அந்தக் கம்பெனியின் விமானங்கள் 2019 ஏப்ரல் 17-ம் தேதியோடு நின்றன. இடையில் சென்றது ஐந்தரை வருஷம். இந்த ஐந்தரை வருஷத்தில் ஊழியர்கள் வழக்கில் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் பாக்கியில்லாமல் கொடுக்கப்பட வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபர் 21-ல் உத்தரவிட்டது. கம்பெனியை எடுத்து நடத்த முன்வந்தவர்கள் இதை எதிர்த்துச் செய்த அப்பீலை, 2023 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஆனால் எடுத்து நடத்துவதாகச் சொன்னவர்களின் திட்டமே நிறைவேறவில்லை. காகிதத்தில் வெற்றி பெற்றவர்கள் மறுபடியும் கலைப்பு அதிகாரியின் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

விமானக் கம்பெனி விவகாரம் நமக்கெதற்கு என்று வாசகர்கள் நினைக்கக்கூடாது. போசரியில் லேத் ஓட்டுகிறவருக்கும், சாக்கனில் மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பாலிஷ் போடுகிறவருக்கும், பிம்பிரியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருப்பவருக்கும், அவர் வேலை செய்யும் கம்பெனி நொடித்துப் போனால், பொருந்தப்போவது இதே சட்டந்தான். இதே தீர்ப்பாயந்தான். விமானக் கம்பெனி ஊழியர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், பத்திரிகைகளில் இடம் இருந்தது. இத்தனையும் இருந்தவர்களுக்கே இந்தப் பாடு என்றால், இவை எதுவும் இல்லாதவர் கதியை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கம்பெனி மூழ்கும்போது அதற்குக் கடன் கொடுத்தவர்கள் பலர் கரையில் நிற்கிறார்கள். பாங்குகள், மூலப்பொருள் சப்ளை செய்தவர்கள், வரி வசூலிக்க வேண்டிய சர்க்கார் என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியலில் தொழிலாளியும் ஒரு கடன்காரர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாதம் முழுவதும் உழைத்துவிட்டு மாத முடிவில் சம்பளம் வாங்குகிறவர், ஒவ்வொரு மாதமும் முதலாளிக்குக் கடன் கொடுக்கிறார். பன்னிரண்டு வருஷம் வேலை செய்துவிட்டுக் கிராஜுவிட்டியைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர், பன்னிரண்டு வருஷக் கடன் கொடுத்திருக்கிறார். பாங்கு கடன் கொடுக்குமுன் கணக்கைப் பார்க்கிறது, நிலத்தையும் யந்திரத்தையும் ஈடாக எழுதி வாங்குகிறது, வட்டி போடுகிறது. தொழிலாளி கணக்கைப் பார்த்ததில்லை, ஈடு கேட்டதில்லை, வட்டியும் இல்லை. அவர் கொடுத்த கடனுக்கு நோட்டுக்கூட எழுதப்படவில்லை.

இந்தக் கடனுக்குச் சட்டம் தரும் மரியாதை என்ன, அந்த மரியாதை எந்த இடத்தில் கைக்கு எட்டாமல் போகிறது என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம்.

கோவை தொழிலாளர் வென்ற வழக்கு

கம்பெனியைக் கலைப்பது முதலாளிக்கும் கடன்காரர்களுக்கும் கோர்ட்டுக்கும் இடையிலுள்ள விஷயம், தொழிலாளி அதில் வாய் திறக்க இடமில்லை என்பதுதான் நெடுங்காலம் நம் நாட்டில் இருந்த நிலை. இதை மாற்றியது நம் கோயம்புத்தூர் வழக்கு. அங்கே ஒரு கம்பெனியின் பங்குதாரர்களுக்குள் தகராறு மூண்டு, கம்பெனியைக் கலைக்கும்படி மனு போடப்பட்டது. எங்கள் பிழைப்பு போகப்போகிறது, எங்களையும் கேளுங்கள் என்று தொழிலாளர் சங்கம் முறையிட்டது. கேட்க உரிமையில்லை என்று சொல்லப்பட்டது. நேஷனல் டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் யூனியன் இதைச் சுப்ரீம் கோர்ட் வரை கொண்டுசென்றது. 1982 டிசம்பர் 10-ம் தேதி, ஐந்து நீதிபதிகளில் மூவர், நீதிபதி பகவதி உட்பட, தொழிலாளர்களைக் கேட்காமல் கம்பெனியைக் கலைக்கக்கூடாது என்று தீர்ப்புக் கூறினார்கள். முதல் போடுகிறவர் போலவே உழைப்பைப் போடுகிறவருக்கும் கம்பெனியின் வாழ்வு சாவில் அக்கறை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதைத் தொடர்ந்து 1985-ல் பார்லிமெண்ட் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தியது. ஈடு வாங்கிக் கடன் கொடுத்த பாங்கும், பாக்கி நிற்கும் தொழிலாளியும் ஒரே படியில் நிற்பார்கள். விற்ற பணம் இருவருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுக்கப்படும் என்று விதி வந்தது. இந்த விதி எவ்வளவு வலுவானது என்பதை, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட பேங்க் ஆஃப் மகாராஷ்டிரா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. கம்பெனி கலைப்புக்குப் போய்விட்டால், பாங்கு ஈடாக வாங்கிய சொத்தின் மேலேயே தொழிலாளர் பாக்கிக்கும் சமமான பிடிமானம் உண்டு என்று கோர்ட் சொன்னது. பாங்கு தானே ஏலம் போட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது.

வரிசையில் எந்த இடம்?

2016-ல் நொடிப்பு, திவால் சட்டம் வந்தது. இன்று நடப்பிலிருப்பது இதுதான். கம்பெனி கலைக்கப்பட்டால் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று அதன் 53-வது பிரிவு வரிசை போட்டிருக்கிறது. கலைப்புச் செலவு முதலில் போகும். அடுத்த படியில், கலைப்பு தொடங்கிய நாளுக்கு முந்திய 24 மாதத்துக்கான தொழிலாளர் பாக்கியும், தம் ஈட்டைப் பொதுவில் விட்டுக்கொடுத்த பாங்குகளின் கடனும் சமமாக நிற்கின்றன. அதற்கடுத்த படியில், தொழிலாளி அல்லாத மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. சர்க்கார் வரி இவற்றுக்கெல்லாம் கீழே.

இங்கே குமாஸ்தாக்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தொழிலாளி என்றால் யந்திரத்தில் கைவைக்கிறவர் மட்டும் அல்ல. உடலுழைப்பு, தொழில்நுட்ப வேலை ஆகியவற்றோடு எழுத்து வேலையும் சட்டத்தின் பொருள் விளக்கத்தில் இருக்கிறது. டெஸ்பாட்ச் எழுதுகிறவரும், கணக்கு எழுதுகிறவரும், டைம் ஆபீஸில் அட்டை பார்க்கிறவரும் தொழிலாளியே. நிர்வாக அதிகாரம் உள்ளவர்களும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களுமே வெளியே நிற்கிறார்கள். இன்று பல கம்பெனிகள் குமாஸ்தாவுக்கு ‘எக்ஸிக்யூடிவ்’ என்று பட்டம் கட்டி அனுப்புகின்றன. பட்டத்தைப் பார்த்து மயங்கி, நாம் அதிகாரிகள் வரிசை என்று தம்மையே கீழ்ப்படியில் வைத்துக்கொள்ளக்கூடாது. கோர்ட்டுகள் பட்டத்தைப் பார்ப்பதில்லை. செய்த வேலையைப் பார்க்கின்றன.

பிராவிடண்ட் ஃபண்டு, பென்ஷன் நிதி, கிராஜுவிட்டி நிதி இம்மூன்றிலிருந்தும் ஊழியருக்கு வரவேண்டிய பணம் இந்த வரிசையிலேயே சேராது. அது கம்பெனியின் சொத்தே அல்ல என்று சட்டத்தின் 36-வது பிரிவு தனியாக ஒதுக்கி வைக்கிறது. பிராவிடண்ட் ஃபண்டு பாக்கிக்கு எல்லாக் கடனுக்கும் முந்திய உரிமை உண்டு என்பதை, மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைகள் பற்றிய வழக்கில், மாநிலக் கூட்டுறவு பாங்குக்கு எதிராக 2009-லேயே சுப்ரீம் கோர்ட் நிலைநாட்டிவிட்டது. பாங்கில் அடகு வைத்த சர்க்கரை மூட்டைகளின் மேலும் ஃபண்டு பாக்கிக்கே முதல் உரிமை என்றது. கிராஜுவிட்டி விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். அதற்கென்று தனி நிதியே வைக்காத கம்பெனியில் என்ன செய்வது என்பதில் தீர்ப்பாயங்கள் ஒரே குரலில் பேசவில்லை. சட்டப்படி செய்யாத முதலாளியின் குற்றத்துக்குத் தொழிலாளி தண்டனை அனுபவிப்பது எந்த ஊர் நியாயம்? பார்லிமெண்ட் இதைத் தெளிவாக்க வேண்டும்.

24 மாதம் என்ற வரம்பும் சாதாரணமானதல்ல. ஒரு கம்பெனி ஒரே நாளில் நொடித்துப் போவதில்லை. இரண்டு மாதம் சம்பளம், ஒரு மாதம் நிறுத்தம், அட்வான்ஸ் என்று கொஞ்சம், தீபாவளிக்குக் கொஞ்சம் என்று நாலைந்து வருஷம் நொண்டி நடந்துதான் விழும். அப்படி விழும்போது 24 மாதத்துக்கு முந்திய பாக்கி வரிசையின் கீழே போய்விடுகிறது. பழைய கம்பெனிச் சட்டத்தின் பாதுகாப்பு எங்களுக்கும் வேண்டும் என்று மோசர் பேர் கம்பெனித் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கை, 2023 மே 2-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. ஆகவே ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், முதலாளி நல்லவர்’ என்று காத்திருப்பதற்கு இன்று விலை உண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் முன்னால் ஒரு மாதத்தை விழுங்குகிறது.

ஒரு கணக்கு

வெறும் சட்டம் பேசினால் போதாது. ரூபாய் அணாவில் பார்த்தால்தான் விஷயம் புரியும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து போசரிக் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் முழுதாக வேலை செய்த ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 24,000 ரூபாய். கம்பெனி மூடும்போது மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

சம்பள பாக்கி 72,000 ரூபாய். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதற்கு ஒரு மாதச் சம்பளம் 24,000. ஆட்குறைப்பு நஷ்டஈடு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் வீதம், 1,44,000. கிராஜுவிட்டி, மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு வருஷத்துக்குப் பதினைந்து நாள் வீதம், சுமார் 1,66,154. ஆக மொத்தம் நாலு லட்சத்து ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். எடுக்காத லீவுக்கான பணமும், பிராவிடண்ட் ஃபண்டும் இதில் சேரவில்லை.

பதினைந்து நாள் நஷ்டஈடு என்பது 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த விதி. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ‘கம்பெனிக்கு நஷ்டம், அதனால் மூடினோம், நஷ்டஈடு கிடையாது’ என்று சொல்ல முடியாது. பண முடை, சரக்குத் தேக்கம் இவற்றைத் தவிர்க்க முடியாத காரணமாகச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. ஆட்குறைப்பு நஷ்டஈடும் தொழிலாளர் பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும்.

இந்தத் தென்காசிக்காரருக்கு நடைமுறையில் என்ன கிடைக்கிறது? கணக்கு முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து அனுப்புகிறார்கள். அவரும் வீட்டு வாடகை ஏறுகிறதே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே என்று பெட்டி படுக்கையோடு ரயிலேறிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து மும்பையில் கம்பெனி மேல் திவால் வழக்குப் பதிவாகிறது. அவருக்குத் தெரியாது. வரிசை இருக்கிறது, அதில் அவருக்கு இடமும் இருக்கிறது. நிற்க ஆள் இல்லை.

எட்டாத உரிமை

சட்டத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. பாங்கின் கடன் பாங்கின் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கேட்கச் சம்பளம் வாங்கும் அதிகாரி இருக்கிறார். தொழிலாளியின் கடன் கம்பெனியின் புத்தகத்தில் இருக்கிறது; அதைக் கேட்க வேண்டியவரோ திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிப் பஸ் ஏறிவிட்டார்.

தீர்ப்பாயம் மனுவை ஏற்றதும் ஒரு தீர்வு நிபுணரை நியமிக்கிறது. அவர் பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். எங்கே? ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு வட்டார மொழிப் பத்திரிகையிலும். புனேயில் வட்டார மொழி மராத்தி. மராத்தி பேசத் தெரிந்த நம்மவர்களிலும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிலையும் இதுதான். நியமனத்திலிருந்து 14 நாளுக்குள் உரிமை கோரும் மனு வரவேண்டும் என்று அறிவிப்பு சொல்லும். தாமதமாகவும், பொதுவாக 90 நாள் வரை, கொடுக்க இடமுண்டு. அதற்கும் பிறகு என்றால் தீர்ப்பாயத்தின் தயவைத்தான் நாட வேண்டும். மகாராஷ்டிரக் கம்பெனிகளுக்குத் தீர்ப்பாயம் இருப்பது மும்பையில்.

இன்னொரு பொறியும் உண்டு. லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டுச் சாதகமாக உத்தரவும் வாங்கி வைத்திருப்பவர்கள், நம் காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். திவால் வழக்குத் தொடங்கியதும் கம்பெனி மேலுள்ள மற்ற வசூல் நடவடிக்கைகள் எல்லாம் நிறுத்தி வைக்கப்படும். அந்த உத்தரவை அத்தாட்சியாக வைத்துத் தீர்வு நிபுணரிடம் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் பெயர் பட்டியலில் ஏறாது.

தீர்வு நிபுணர் கம்பெனியை ஓட்டும் காலத்துச் சம்பளம் பற்றியும் தகராறு வந்தது. ஏ.பி.ஜி. ஷிப்யார்டு கப்பல் கட்டும் கம்பெனி வழக்கில், 2022 ஏப்ரல் 19-ல், சுப்ரீம் கோர்ட் இதைத் தீர்த்து வைத்தது. அந்தக் காலத்தில் உண்மையில் வேலை செய்தவர்களுக்கு மட்டுமே சம்பளம் முதல் செலவாகக் கிடைக்கும்; மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்றது. கேட் திறந்திருக்கும் வரை போய் மஸ்டரில் கையெழுத்துப் போடுகிறவருக்கும், எப்படியும் மூடப்போகிறார்கள் என்று வீட்டில் இருந்துவிடுகிறவருக்கும் வித்தியாசம் இவ்வளவு.

தன் கம்பெனி மேல் தொழிலாளியே திவால் மனுப் போடலாமா என்றால், போடலாம். ஆனால் 2020 மார்ச் முதல் பாக்கி ஒரு கோடி ரூபாய்க்குக் குறையக்கூடாது. முன்பு ஒரு லட்சமாக இருந்தது. தனியொருவருக்கு ஒரு கோடி பாக்கி எங்கிருந்து வரும்? கான்பூர் சணல் ஆலைத் தொழிலாளர் வழக்கில் 2019-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி காட்டியது: சங்கம் எல்லோருடைய பாக்கியையும் சேர்த்து மனுப் போடலாம். சங்கம் இல்லாத இடத்தில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. கம்பெனியின் தலைவிதியை முடிவு செய்யும் கடன்காரர் குழுவில் தொழிலாளிக்கு ஓட்டும் கிடையாது. மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால், சரக்குக் கொடுத்தவர்களோடு சேர்த்து ஒரு பிரதிநிதி போய் உட்காரலாம், அவ்வளவுதான். 1982-ல் கோவைத் தொழிலாளி பெற்ற குரல் இவ்வளவு மெலிந்து போயிருக்கிறது.

சர்க்கார் செய்ய வேண்டியது

கலைப்பு விதிகளிலேயே ஒரு நல்ல வரி இருக்கிறது. தொழிலாளி மனுக் கொடுக்காவிட்டாலும், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அவர் பாக்கியைக் கலைப்பு அதிகாரி ஒப்புக்கொள்ளலாம் என்கிறது அந்த வரி. ‘ஒப்புக்கொள்ளலாம்’ என்பதை ‘ஒப்புக்கொள்ள வேண்டும்’ என்று மாற்றினால் போதும். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு வாழ்வு. சம்பளப் பட்டியல் கம்பெனியில் இருக்கிறது. பிராவிடண்ட் ஃபண்டு ஆபீஸில் ஒவ்வொருவர் பெயரும் எண்ணும் இருக்கிறது. இவற்றை வைத்துப் பட்டியல் தயாரிப்பது முடியாத காரியமல்ல. கலைப்பு வரை காத்திருக்காமல், திவால் வழக்கின் முதல் கட்டத்திலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அறிவிப்பைப் பத்திரிகையில் போடுவதோடு நிறுத்தாமல், ஆலைக் கேட்டில் ஒட்ட வேண்டும்; ஃபண்டில் பதிவான டெலிபோன் எண்ணுக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய மொழியில் செய்தி அனுப்ப வேண்டும். சந்தா கேட்கவும் விளம்பரம் செய்யவும் கைபேசி பயன்படும்போது, சம்பளம் இருக்கிறது வாங்கிக்கொள் என்று சொல்ல மட்டும் அது பயன்படாதா?

மூன்றாவதாக, வெளிநாடுகளில் உள்ளது போன்ற உத்தரவாத நிதி. பிரிட்டனில் கம்பெனி நொடித்துப் போனால், ஆட்குறைப்பு நஷ்டஈட்டையும், எட்டு வாரம் வரையிலான சம்பள பாக்கியையும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, தேசிய இன்ஷூரன்ஸ் நிதியிலிருந்து சர்க்கார் தந்துவிடுகிறது. பிறகு தொழிலாளியின் இடத்தில் சர்க்காரே நின்று கம்பெனியிடம் வசூல் செய்கிறது. ஜெர்மனியில் 1974 முதல், முதலாளிகள் கட்டும் தொகையிலிருந்து மூன்று மாதச் சம்பளம் கிடைக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1992-ல் இதற்கென்றே 173-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. வழக்கு ஐந்து வருஷம் நடக்கட்டும். அடுப்பு ஐந்து வருஷம் காத்திருக்குமா?

தொழிலாளிக்கு முதலிடம் கொடுத்தால் பாங்குகள் கடன் கொடுக்கத் தயங்கும், அதுவும் பொதுமக்கள் போட்ட பணந்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாங்கு தன் ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வட்டியில் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கம்பெனியில் போனதை இன்னொன்றில் ஈடுகட்டுகிறது. தொழிலாளிக்கு இருப்பது ஒரே கம்பெனி. மேலும் உத்தரவாத நிதி இருந்தால் பாங்கின் பங்கில் கைவைக்க வேண்டிய தேவையே குறையும். இரு தரப்புக்கும் அது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க முடியாது. புனேயில் உள்ள தமிழர்கள் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி வைக்கிறோம்.

வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, பாங்குப் பாஸ்புத்தகம், அடையாள அட்டை இவற்றின் நகலை ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக வைத்திருங்கள். பிராவிடண்ட் ஃபண்டு கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணம் அங்கே ஏறாமல் இருப்பதுதான் பெரும்பாலும் கம்பெனி தள்ளாடுவதற்கு முதல் அடையாளம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். உடனே ஃபண்டு ஆபீஸில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

சம்பளச் சீட்டின் தலைப்பில் உள்ள பெயரைப் பாருங்கள். ‘லிமிடெட்’ என்று இருந்தால் நாம் மேலே சொன்ன வழி. தனி ஆளின் பட்டறை என்றால் வழி வேறு. தொழிலாளர் கமிஷனர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். அங்கே முதலாளியின் சொந்தச் சொத்தும் கடனுக்குப் பொறுப்பு. காண்டிராக்டர் மூலம் வேலை செய்கிறவர்கள், காண்டிராக்டர் கைவிரித்தால் கூலிக்கு ஆலை முதலாளியே பொறுப்பு என்பதை மறக்க வேண்டாம். 1970-லிருந்து சட்டம் இதைச் சொல்கிறது.

திவால் வழக்கு வந்துவிட்டால், தனியாக மனுக் கொடுப்பவருக்கு ‘டி’ படிவம். எல்லோருக்குமாக ஒருவர் கொடுப்பதானால் ‘ஈ’ படிவம். கட்டணம் கிடையாது. தபாலிலும் அனுப்பலாம், ஊரிலிருந்தே அனுப்பலாம். வெற்றுத் தாளிலும், தொகை எழுதாத ரசீதிலும், ‘பாக்கி எதுவுமில்லை’ என்ற வாசகத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம். அவசியம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ‘ஒரு பகுதியாகப் பெற்றேன்’ என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது காரணமாகாது. 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. சிவாஜிநகர் ஜில்லாக் கோர்ட்டில் அதற்கென்று சட்டப் பணிக் குழு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கட்டி வந்தவர்கள், ஆலை மூடப்பட்டு வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகை பற்றிக் கிளை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். 2005 முதல் இத்தகைய திட்டம் இருந்தும் கேட்பவர்கள் குறைவு.

ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பிம்பிரியிலும் நம்மவர்கள் பொங்கல் விழாவும் கோயில் திருவிழாவும் குறைவில்லாமல் நடத்துகிறார்கள். பாராட்டுகிறோம். அதே சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதப் படிக்கத் தெரிந்த நாலு குமாஸ்தாக்களை உட்கார வைத்து, மனு எழுதித் தரவும், அறிவிப்புகளைப் பார்த்துச் சொல்லவும், ஊருக்குப் போய்விட்டவர்களின் விலாசத்தைக் குறித்து வைக்கவும் ஏற்பாடு செய்யலாகாதா? இதற்குப் பெரிய பணம் வேண்டாம்; ஒரு மேஜையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பெயர் பட்டியலில் ஏறிவிட்டால், பணம் தாமதமானாலும் வழி இருக்கிறது. பெயரே ஏறாதவருக்காகச் சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

பாங்கு தன் கடனை மறப்பதில்லை. தொழிலாளியும் தான் கொடுத்த கடனை மறக்கக்கூடாது. அதைத் திருப்பி வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை மனுவுக்கும் தேதிக்கும் விட்டுவிடாமல், சர்க்கார் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். பார்லிமெண்டில் இருக்கும் தமிழ்நாட்டு, மகாராஷ்டிர அங்கத்தினர்கள் இதைக் கட்சி வித்தியாசமில்லாமல் எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.